கழுத்தைச் சுற்றிக் கட்டு

பலெர்மோ, செவ்வாய்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறன். நாங்கள் சுகம். அம்மா போன ஞாயிறும் மலை ஏறி சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தா. ஆருக்காக என்று நான் கேட்கேல்லை. பெரியம்மாவின் மகன் மிலானோவில் இருந்து வந்து இரண்டு நாள் நின்றவன். உன்னைக் கண்டதாகச் சொன்னான். வேறொன்றும் சொல்லேல்லை. தொண்டை சுகமா? அங்கே குளிர் கூட. கழுத்தைச் சுற்றிக் கட்டாமல் வெளிக்கிடாதே.

போனில் அனுப்பினதை நீ பார்த்திருக்கிறாய் என்று காட்டுது. பதில் இல்லை. அதுதான் கடதாசி.

உனக்குப் பாட்டுத் திருத்தின சின்யோரா சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதி வைச்ச கொப்பி நேற்று அகப்பட்டது. பின்னேர மருந்து குடிச்ச பிறகு அவ மோதிரத்தால் கதிரைக் கையில் தட்டுவாவே, ஞாபகமா? "வா, பென்சியேரோ, சுல்லாலி தோராதே." பத்து அசை. மூன்றாவதில், ஆறாவதில், ஒன்பதாவதில் தட்டு. சியே, லா, ரா. அந்த மூன்றுக்கும் மேலே சிவப்புப் பேனையால் கோடு இழுத்து வைச்சிருக்கிறன். அந்தப் பாட்டு வாற 'நபுக்கோ' ஒப்பேரா 1842இல் மிலானோ ஸ்காலா அரங்கில் மேடையேறினது. வெர்டி மெட்டுப் போட முதலே சொலேரா எழுதின வரியில் அந்த நடை இருந்தது என்று அவ சொல்லுவா. முதல் சொல்லு, பிறகு பாடு. எத்தனை தரம் சொல்லியிருப்பா!

அடுத்த பக்கத்தில் வெர்டியின்ரை மற்ற ஒப்பேரா, 'ரிகோலெத்தோ'. "லா தொன்னா எ மோபிலே." எங்களுக்கு இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் ஒரு யகரமோ வகரமோ வேணும். அவர்கள் 'னா'வையும் 'எ'யையும் ஒரே சுரத்துக்குள் போட்டிடுவினம். நீ சின்னனில் 'தொன்னாயெ' என்று பாட, சின்யோரா உன்ரை கன்னத்தைப் பிடிச்சுத் திருத்தினா. முதல் மூன்று சுரமும் ஒரே உயரத்தில் நிற்கும். 'மோ'வில்தான் மேலே ஏறும், ஏனென்றால் அந்தச் சொல்லின் அழுத்தம் அங்கேதான். 'பிலே' சும்மா வழுக்கிக்கொண்டு போகும். வாயில் ஆறு அசை, செய்யுள் கணக்கில் ஐந்து. கடைசியில் 'பென்சியேரோ' என்ற சொல்லின் வாலை வெட்டி 'பென்சியேர்' என்று முடிப்பினம், தட்டு நுனியிலேயே விழ வேணும் என்று. அதே சொல்லுத்தான் மற்றப் பாட்டில் மெதுவாக இறங்கிப் போகுது. நேற்று வேலை முடிஞ்சு மாசிமோ ஒப்பேரா அரங்கின்ரை படியில் இருந்து இரண்டையும் தட்டிப் பார்த்தனான்.

உன்ரை மாஸ்டர் உன்ரை இரட்டை மெய்களைப் புகழ்ந்தவர் என்று முதல் வருஷம் சொன்னாய். நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. குறிலும் ஒற்றும் எங்கடை பாஷை உனக்குத் தந்தது. அதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பன் தெரியுமோ! அந்தப் பிள்ளைக்கு அப்பாவுக்கு இரண்டு வரி எழுத நேரமில்லை. சரி, விடு.

பாட ஏலாத நாளில் பேசு. 1600இல் ஃபிரென்சே நகரில் மேடையேறின 'எவுரிதீச்சே' ஒப்பேராவுக்கு எழுதின முன்னுரையில், அதுக்கு இசை போட்ட பெரி, பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடினதாகச் சொன்னார். பேசுற மாதிரிப் பாடுற ரெச்சித்தாத்தீவோ அப்படித்தானே பிறந்தது. ஏழசையும் பதினொன்றுமாக வரி கலந்து வரும். தாளம் பிடிச்சுக் கட்டாது. மூச்சு வேணும் என்றால் நிற்கலாம். நிற்கிறது பிழையில்லை, மகள். முதல் சொல்லு, பிறகு பாடு. சுடுதண்ணி குடி.

ஒன்று சொல்ல வேணும். நான் இரவு வேலைக்குப் போன காலம். உனக்குப் பத்து வயது. நான் வந்து படுத்திருக்க நீ குசினியில் பெரிய குரலெடுத்து அந்த 'தொன்னா'வைப் பாடினாய். எழும்பி வந்து உன்ரை வாயில் அடிச்சனான். அம்மா வேலைக்குப் போயிட்டா, அவவுக்கு இன்றைக்கும் தெரியாது. பின்னேரம் நான் எழும்பி வர, நீ மேசையில் இருந்து விரலால் தட்டிக்கொண்டிருந்தாய். உதடு அசைஞ்சது, சத்தம் வரேல்லை. ஒரு தட்டும் பிசகேல்லை. பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நினைச்சு நான் தேத்தண்ணி போடப் போனனான். அடுத்த நாள் சின்யோராவிடம், என்ரை மகளுக்குத் தாளம் நல்லா நிற்கும் என்று பெருமையாகச் சொன்னனான். ஏன் சத்தமில்லாமல் தட்டினாய் என்று சொல்லேல்லை. அவ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டன்.

நீயும் ஒருநாளும் அதைப் பற்றிக் கதைக்கேல்லை. இந்த மூன்று கிழமையும் கண்ணை மூடினால் எனக்கு அந்த விரல்தான் தெரியுது.

ஞாயிறு இரண்டு மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பன். கோல் எடு. வகுப்புப் பற்றிக் கேட்க மாட்டன். ரெஸ்ரோரண்ட் பற்றியும் கேட்க மாட்டன். நீ பேசாமல் இருந்தாலும் வைக்க மாட்டன்.

மிளகாய்த்தூளும் அம்மாவின் சாம்பல் நிறச் சால்வையும் பெட்டியில் வருது. சால்வை உனக்குத்தான், ஆருக்கும் குடுக்காதே.

அப்பா