நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் காத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

ஹா ஆற்றங்கரையிலும் ஜோர்டன் ஏரிக்கரையிலும் வாழும் அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கேரி, ஏபெக்ஸ், மோரிஸ்வில் ஊர்களில் குழாயைத் திறந்தால் வருவது ஜோர்டன் ஏரித் தண்ணீர். வேலைக்கென்று வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். காலைக் காபிக்கும் தைப்பொங்கலுக்கும் அந்தத் தண்ணீர்தான். நாம் வருவதற்கு வெகு முன்பே சிலர் மெனக்கெட்டுக் காத்து வைத்தது அது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர்களுக்கு நம் மொழியில் நன்றி சொல்ல வேண்டும், நம்மவர்கள் நாலு பேராவது அதைப் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1945-ல் கேப் ஃபியர் ஆற்றில் வந்த பெருவெள்ளம் ஃபேயட்வில் பக்கம் பெருஞ்சேதம் செய்தது. அப்படி இன்னொரு வெள்ளம் வராமல் தடுக்க, ராணுவப் பொறியாளர் படை ஹா ஆற்றின் குறுக்கே அணை கட்டியது. 1980களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 14,000 ஏக்கர் பரப்பில் ஜோர்டன் ஏரி நிரம்பியது. கவலையும் கூடவே வந்தது. கிரீன்ஸ்பரோ, பர்லிங்டன், டர்ஹம் என்று மேலே இருக்கும் ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரும், மழையோடு அடித்து வரும் உரமும் வந்து சேரும் இடம் இது. நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்தால் பாசி மண்டிவிடும் என்று ஏரி நிரம்பும் முன்பே எச்சரித்த ஆய்வாளர்களுக்கு என் முதல் நன்றி. 1983-லேயே மாநில அரசு இதை ஊட்டச்சத்துப் பெருக்கத்தால் கெடக்கூடிய நீர்நிலை என்று அறிவித்தது.

அடுத்த நன்றி, 1989-ல் குடிநீர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தவர்களுக்கு. அதன்படி குடிநீர் எடுக்கும் ஆறுகளையும் ஏரிகளையும் ஐந்து வகையாகப் பிரித்து, 1992-ல் மாநிலம் முழுவதும் மறுவகைப்படுத்தினார்கள். ஜோர்டன் ஏரி நான்காம் வகை. சுற்றிலும் வீடுகள் பெருகிவிட்ட நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கான வகை அது.

காகிதத்தில் வகை மாறியதால் தண்ணீருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். நிறைய உண்டு. ஏரியைச் சுற்றி அரை மைல் தூரத்துக்கு விதிகள் மிகக் கடுமை. அங்கே புதிதாகக் குப்பைக் கிடங்கு வைக்க முடியாது. ஐந்து மைல் வரை பாதுகாக்கப்பட்ட பகுதி. ஒரு ஏக்கரில் எத்தனை வீடு, மனையில் எவ்வளவு பரப்பைக் கூரையும் சிமெண்டும் மூடலாம், ஓடைக்கரையில் எத்தனை அடிக்கு மரம் செடிகளைத் தொடாமல் விட வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. உள்ளூர் நிர்வாகங்கள் அதைத் தங்கள் கட்டட விதிகளில் எழுதியே ஆக வேண்டும். சொந்த மனையில் இவ்வளவுதான் கட்டலாம் என்றால் யாருக்கும் மனம் கசக்கத்தான் செய்யும். அந்த வரம்பை ஏற்று, ஓடைக்கரை மரங்களை நிற்க விட்ட நிலக்காரர்களை யாரும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. ஐயா, அம்மா, உங்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹா ஆற்றைக் காக்க 1982-ல் தொடங்கிய ஹா ரிவர் அசெம்பிளி அமைப்பின் தன்னார்வலர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சென்ற வசந்தத்தில் என் மகளை ஓர் ஓடைக்கு அழைத்துப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியம்மா முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் நின்றார். நீரோட்டத்துக்கு எதிரே வலையைப் பிடித்து, மேல்புறம் இருந்த கற்களைக் காலால் கிளறினார். வலையில் விழுந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டி, என் மகள் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். இரண்டு வால் உள்ளது ஸ்டோன்ஃப்ளை பூச்சியின் குஞ்சு. மூன்று வால் இருந்தால் பெரும்பாலும் மேஃப்ளை. ஸ்டோன்ஃப்ளை இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. அழுக்குத் தண்ணீரில் அது பிழைக்காது. எண்ணி முடித்து அட்டையில் குறித்துக்கொண்டு, பூச்சிகளைப் பத்திரமாக ஓடையிலேயே விட்டார். "வருஷக்கணக்காய் இந்த ஓடைதான் என் பொறுப்பு" என்றார். சம்பளம் கிடையாது. நான் சொன்ன நன்றியைக் கையசைத்துத் தள்ளிவிட்டார். அதனால் இங்கே சொல்கிறேன்.

ஆனால் 1992-ன் வகைப்பாடு பாசியையும் சேற்றையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆலைகளிலிருந்து வரும் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பானும் பி.எஃப்.ஏ.எஸ் எனப்படும் நெடுநாள் அழியாத ரசாயனங்களும் ஆற்றில் கலந்து வருவதை அது தடுக்கவில்லை. அவற்றைத் தேடிக் கண்டுபிடித்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டெட்லெஃப் நாப்பே, டியூக் பல்கலைக்கழகத்தின் ஹெதர் ஸ்டேபிள்டன், இருவரின் மாணவர்கள் எல்லோருக்கும் நன்றி. ஹா ஆற்றிலிருந்தே நேராகத் தண்ணீர் எடுக்கும் சிற்றூர் பிட்ஸ்பரோ. அந்த ஊர் மக்கள் ஆய்வுக்காகத் தங்கள் ரத்தத்தையே கொடுத்தார்கள். தங்கள் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் துணிவு வேண்டும். அதை ஊரறியச் சொல்வதற்கு இன்னும் துணிவு வேண்டும். 2022-ல் பிட்ஸ்பரோ தன் நீர்நிலையத்தில் கரி வடிகட்டிகளை அமைத்தது. கட்டணமில்லாமல் வாதாடிய தெற்குச் சுற்றுச்சூழல் சட்ட மைய வழக்கறிஞர்களின் முயற்சியால் 2023-ல் பர்லிங்டன் நகரமும் கழிவு எந்த ஆலையிலிருந்து வருகிறதோ அங்கேயே கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்துகொண்டது. நல்ல முடிவெடுத்த அந்த நகர மன்றத்துக்கும் நன்றி.

கேரி-ஏபெக்ஸ் நீர்நிலையத்தில் இரவும் பகலும் ஷிப்டு பார்க்கிறவர்களை நாம் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. கோடையில் ஏரி பச்சை பிடிக்கும்போது ஓசோனும் கரித்தூளும் சேர்த்து, வாடையில்லாத தண்ணீரை அனுப்புகிறவர்கள் அவர்கள். உங்கள் வேலை சரியாக நடப்பதால்தான் உங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் பேசுகிறேன், நன்றி.

கடைசியாக, பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்றால் என்னவென்றே தெரியாத எனக்கு, மூன்று நிமிடத்தில் என்ன பேச வேண்டும், பெயரை எங்கே பதிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. அமெரிக்கர்களான அவர்களை அப்படித்தான் அழைக்கிறோம், அவர்களுக்கும் பிடித்துப்போய்விட்டது.

ஹா ரிவர் அசெம்பிளி அன்பர்களே, மார்ச் மாதம் நீங்கள் ஆற்றைச் சுத்தம் செய்யும் நாளுக்கு எங்கள் தெருவிலிருந்து நாலு குடும்பமாவது வருவோம். கையுறையும் சாக்குப்பையும் நீங்கள் தருவீர்கள் என்று கேள்விப்பட்டேன். மதியச் சாப்பாடு எங்கள் பொறுப்பு. புளியோதரையும் தயிர்சாதமும் எல்லோருக்கும் போதுமான அளவு கட்டிக்கொண்டு வருகிறோம்.

நன்றியுடனும் அன்புடனும்,
மோரிஸ்வில்லிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம்