தேவதூதர் கூரைக்கு இன்னும் 14,500 பவுண்ட் தேவை

கர்த்தருக்குள் அன்பான நம் சபைத் தமிழ்க் குடும்பங்களுக்கும், இங்கிலாந்தின் சஃபோக் கிராமங்களில் வாழும் மற்றத் தமிழ் உறவுகளுக்கும் திருப்பணிக் கமிட்டியின் ஸ்தோத்திரம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். நம் புனித மரியாள் ஆலயத்தின் வடபக்கக் கூரையில் ஈயத் தகடு பிளந்துவிட்டது. மழை பெய்தால் மூன்றாவது பெஞ்சில் யாரும் உட்கார முடிவதில்லை. செப்டம்பர் முதல் வாரம் வேலை தொடங்கியாக வேண்டும். கூரையில் வௌவால்கள் குட்டி வளர்ப்பதால் ஆகஸ்ட் முடியும்வரை அங்கே வேலை செய்ய முடியாது. நவம்பரில் உறைபனி விழுந்தால் சுண்ணாம்புச் சாந்து பிடிக்காமல் உதிர்ந்துவிடும். நடுவில் இருப்பது இரண்டே மாதம்.

இது எப்படிப்பட்ட கோயில் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சஃபோக்கில் நல்ல கட்டடக் கல் கிடைக்காது. அதனால் உழும்போது வயலில் மேலே வந்த சிக்கிமுக்கிக் கற்களைப் பொறுக்கிச் சுண்ணாம்பில் பதித்தே இந்தச் சுவர்களை எழுப்பினார்கள். மூலைகளுக்கும் சன்னல்களுக்கும் மட்டும் வெட்டுக்கல் வெளியிலிருந்து வந்தது. 1348-49 கொள்ளைநோயில் இந்த நாட்டில் எத்தனையோ கட்டட வேலைகள் பாதியில் நின்றன. 15ஆம் நூற்றாண்டில் கம்பளித் துணி வியாபாரம் செழித்தபோதுதான் இந்தப் பக்கத்துக் கோயில்களுக்குப் பெரிய சன்னல்களும் தேவதூதர் கூரைகளும் வந்தன. நம் கூரையும் அந்தக் காலத்தது. சுவரிலிருந்து நீளும் ஒவ்வொரு கைமரத்தின் நுனியிலும் சிறகு விரித்த தூதர், எல்லாம் ஓக் மரம். மக்கள் உட்காரும் பகுதியைப் பராமரிப்பது ஊராரின் கடமை, பீடப்பகுதி குருவானவர் பொறுப்பு என்பது அந்தக் காலத்து முறை. ஆக, நம் தலைக்கு மேல் இருப்பது ஊர்க்காசில் வந்த கூரை.

ஞானஸ்நானத் தொட்டியைக் கிட்டே போய்ப் பாருங்கள். எட்டுப் பக்கங்களில் ஏழில், ஞானஸ்நானம், திருமணம் போன்ற ஏழு திருவருட்சாதனங்கள் செதுக்கியிருக்கும். இந்த மாதிரித் தொட்டிகள் இங்கிலாந்தில் நாற்பதை ஒட்டித்தான் உண்டு, பெரும்பாலானவை நார்ஃபோக்கிலும் சஃபோக்கிலும். நம் தொட்டியில் முகங்கள் எல்லாம் உளியால் சிதைக்கப்பட்டவை. குழந்தையை ஏந்தி நிற்கும் பெண்ணின் சட்டைக்கை மடிப்பு மட்டும் இன்னும் விரலில் தட்டுப்படும். 1644இல் வில்லியம் டௌசிங் என்பவர் ஆணைப் பத்திரத்தோடு சஃபோக் ஆலயங்களைச் சுற்றிச் சிலைகளையும் கண்ணாடிப் படங்களையும் உடைத்தார். அந்தக் காலத்தையும் தாண்டி நின்ற தூதர்கள் இன்று மழைத் தண்ணீரில் உளுத்துப் போகிறார்கள்.

கணக்கு இதுதான். சாரம் கட்ட 16,000 பவுண்ட். ஈயமும் ஓக் பலகையும் 24,000. கோபுரத்தில் முன்பு பூசிய சிமெண்ட் ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக் கற்களைத் தள்ளுகிறது. அதைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூச 12,000. வாட் வரி 20 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 62,400. கையில் இருப்பது 47,900. அரசாங்கம் கொடுக்காதா என்று பலர் கேட்கிறார்கள். பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், சரி. அதோடு பணம் வருவதில்லை.

இதுவரை கொடுத்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் வந்து அறுப்பின் பண்டிகைக்கு வடை சுட்டு விற்ற சகோதரிகளே, உங்கள் காசு உண்டியலில் முதலில் விழுந்தது. தபால் நிலையக் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அண்ணன் சைவர். கல்லாப் பக்கத்தில் நம் உண்டியலை வைத்து, மாதக் கடைசியில் தன் பங்கையும் போட்டே கொடுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள், மணி அடிக்கும் குழுவினர், ஓய்வூதியத்தில் மாதம் ஐந்து பவுண்ட் அனுப்பும் விதவைத் தாய்மார்கள், உங்கள் எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். போன ஈஸ்டரில் பெயர் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் இன்னும் பணம் தரவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி இடமில்லாமல் வாசல்வரை நிற்கிறோம், கல்யாண போட்டோவுக்கு இந்தக் கூரைதான் வேண்டும் என்கிறோம். ஆண்டவருடைய வீடு பாழாய்க் கிடக்கையில் நீங்கள் அலங்கார வீடுகளில் குடியிருக்கலாமா என்று ஆகாய் தீர்க்கதரிசி கேட்டது நமக்கும்தான்.

வருமான வரி கட்டுபவர்கள் கிஃப்ட் எய்ட் (நீங்கள் கட்டிய வரியில் ஒரு பங்கை அரசாங்கம் காணிக்கையோடு சேர்த்துத் தரும் திட்டம்) படிவத்தில் மறக்காமல் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் தரும் 100 பவுண்ட் ஆலயத்துக்கு 125 ஆகும். படிவமும் கவரும் வாசல் மேசையில் இருக்கின்றன. முடியாதவர்கள் பத்து பவுண்ட் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஆகஸ்ட் 31ஆம் தேதிக்குள் பொருளாளர் கையில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் சாரக்காரருக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஆலயத் திருப்பணிக் கமிட்டி