பாய்லர் பராமரிப்பில் இருக்கும் நம்மவர்களுக்கு: ஓடிய மணிநேரம் மட்டும் போதாது

தென்னாப்பிரிக்காவில் விட்பேங்க், மிடில்பர்க் பக்கம் நிலக்கரி மின் நிலையங்களில் பாய்லர் பராமரிப்பு பார்க்கும் தமிழ் நண்பர்களுக்கு டர்பனிலிருந்து வணக்கம்.

கேட்பது ஒன்றுதான். நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டரின் குழாய்த் துண்டைச் சோதனைக்கு அனுப்பும்போது ஓடிய மணிநேரத்தோடு, யூனிட்டை எத்தனை முறை அணைத்து ஏற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே வருகிறது.

யூனிட் ஒரே லோடில் ஓடிய காலத்தில், 540 டிகிரிச் சூட்டில் மெல்ல மெல்ல நீளும் க்ரீப்பை மட்டும் கணக்குப் போட்டாலே ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். இப்போது அப்படியா? 2023 மின்வெட்டு படுத்திய பாட்டில் வீட்டுக்கு வீடு கூரையில் சோலார், நண்பகலில் தேவை சரிகிறது, சாயங்காலம் ஊரே அடுப்பைப் போட்டதும் ஏறுகிறது, கூடவே உங்கள் யூனிட்டும் இறங்கி ஏறுகிறது.

347 போன்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோம்-மாலி ஸ்டீலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விரியும். இரண்டும் சேரும் வெல்டில் ஒவ்வொரு முறை ஏற்றி இறக்கும்போதும் இழுபறிதான். விரிசல் பெரும்பாலும் குரோம்-மாலி பக்கம், வெல்டு ஓரமாகவே விழும். ஸ்டெயின்லெஸ்ஸும் தப்பாது. நிறுத்தாமல் ஏற்றி இறக்கும் ஆட்டம் மட்டும் என்றால் விரிசல் கிரெயின்களை (உலோகத்தின் நுண்மணிகளை) ஊடறுத்துப் போகும், ஆனால் இழுவிசையோடு அதே சூட்டில் நிறுத்தி வைத்தால் விசை தளரத் தளர அது நிரந்தர நீட்சியாக மாறி, கிரெயின் எல்லைகளில் நுண்குழிகள் பிறந்து, விரிசல் அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் 600 டிகிரியில் நிறுத்தி நிறுத்தி ஆட்டிய சோதனைத் துண்டு, நிறுத்தாமல் ஆட்டியதைவிடச் சீக்கிரமே உடைகிறது. லேபில் ஒரு மணிநேரம் நிறுத்துவதே பெரிய செலவு, உங்கள் பாய்லரோ குழாயைப் பல மணிநேரம் சர்வசாதாரணமாக அதே சூட்டில் நிறுத்தி வைக்கிறது.

ஏ.எஸ்.எம்.இ. (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிநூலில் 304, 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்களுக்கு க்ரீப் சேதம் ஆயுளில் 0.3 பங்கு, ஏற்றி இறக்குவதால் வரும் ஃபட்டீக் சேதம் 0.3 பங்கு சேர்ந்தாலே எல்லையைத் தொட்டாயிற்று. கிரேடு 91 என்ற குரோம்-மாலி ஸ்டீலுக்கு இன்னும் கறார்: ஃபட்டீக் 0.1, க்ரீப் 0.01. அது அணு உலைக்கான விதி, நமக்குக் கட்டாயமில்லை என்பீர்கள். சரி, உலோகத்துக்கு அது தெரியுமா? ஃபட்டீக் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் "க்ரீப் 30 சதவீதம்தான் போயிருக்கிறது, மீதி 70 பத்திரம்" என்று அறிக்கை எழுதுவதை எப்படி ஒப்புக்கொள்வது?

தகவல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நிலையத்தை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பான டி.சி.எஸ். பதிவில் எல்லாம் கிடக்கிறது. முழுக்க ஆறிய பிறகு ஏற்றியது எத்தனை, சூடு இருக்கும்போதே ஏற்றியது எத்தனை, வெப்பநிலை என்ன வேகத்தில் ஏறியது, இவ்வளவுதான் வேண்டும். அப்புறம், துண்டு வெட்டும்போது வெல்டை ஒட்டி வெட்டாமல், இரண்டு பக்கமும் குழாய் தாராளமாக இருக்கும்படி வெட்டி அனுப்புங்கள்.