மீதி 35 நிமிடம்: நகர மண்டபத் திரையிடல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை நகர மண்டபத்தில் நீங்கள் போட்ட ‘கோயானிஸ்காட்சி’ படம் 51ஆவது நிமிடத்தில் ஏன் நிறுத்தப்பட்டது என்பது உங்களுக்கே தெரியும். நன்றியுரைக்கு நேரமாகிவிட்டது. படத்தின் நீளம் 86 நிமிடம். மீதி 35 நிமிடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

அழைப்பிதழில் மாலை 4 மணி என்று போட்டிருந்தீர்கள். மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, பிறகு யாருமே எதிர்பாராத ஒரு சிறப்புரை. எல்லாம் ஓய்ந்து படம் தொடங்கியபோது 5.20. தோட்டப் பக்கம் போகும் கடைசி பஸ் 6.30க்கு. அதை விட்டால் முச்சக்கரவண்டிதான், ஒரு நாட்சம்பளம் அதிலேயே கரைந்துவிடும். ஆறு நாள் மலையேறிக் கொழுந்தெடுத்தவர்கள், துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் இருக்கிற அந்த ஒரே நாளில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். உரைகளை முழுமையாகக் கேட்டார்கள், படத்தை அரைகுறையாகப் பார்த்தார்கள், பஸ்ஸுக்கு ஓடினார்கள். சொன்ன நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் 5.26க்குப் படம் முடிந்திருக்கும். நன்றியுரைக்கும் ஒரு பிளேன்டீக்கும் கூட நேரம் இருந்திருக்கும்.

வேறு படமென்றால் பாதியில் விட்டதைக் கதை கேட்டாவது சரிக்கட்டலாம். 1982இல் வெளிவந்த, கொட்ஃப்ரி ரெஜியோவின் இந்தப் படத்தில் கதை இல்லை, வசனம் இல்லை, பின்னணியில் விளக்கும் குரலும் இல்லை. ரொன் ஃபிரிக்கின் கெமராவும் ஃபிலிப் கிளாஸின் இசையும்தான் எல்லாம். தலைப்பு அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடி மக்களுடைய சொல். அதன் பொருளைப் படம் கடைசிவரை சொல்லாது. ரொக்கெட் ஒன்று வானில் வெடித்து, அதன் துண்டு எரிந்தபடி மெதுவாகச் சுழன்று சுழன்று விழுந்த பிறகுதான் எழுத்து வரும்: சமநிலை குலைந்த வாழ்க்கை. அதோடு, இசையில் பாடப்படும் மூன்று ஹோப்பி முன்னறிவிப்புகளின் மொழிபெயர்ப்பும் வரும். மண்ணிலிருந்து அரிய பொருள்களைத் தோண்டியெடுத்தால் அழிவை நாமே அழைக்கிறோம் என்பது அவற்றில் ஒன்று. நீங்கள் வெட்டியது வாலை அல்ல, தலையை.

“வசனமில்லாத படம், தோட்டத்துச் சனங்களுக்கு விளங்காது, அதனால்தான் மைக்கில் விளக்கம் கொடுத்தோம்” என்று உங்கள் தரப்பில் சொல்லப்பட்டது. பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா ஆற்றுநீர்த் திட்டத்துக்குச் சுரங்கம் குடைந்தபோது கிணறுகள் வற்றியதையும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததையும் கண்ட மாவட்டத்துச் சனத்துக்கு, தோண்டுவதைப் பற்றிய ஒரு வரி விளங்காதாம். நல்லது. விளக்கம் கொடுத்தவருக்கு என்ன விளங்கியது என்றும் பார்த்துவிடலாம். அடுக்குமாடிகள் சரிந்து புழுதியாகும் காட்சிக்கு அவர் “பூமியதிர்ச்சி” என்றார். அது செயின்ட் லூயிஸ் நகரின் ப்ரூயிட் ஐகோ குடியிருப்பு. ஏழைகளுக்கென்று அரசே கட்டிய 11 மாடிக் கட்டடங்கள் 33. 1954இல் ஆட்கள் குடிபுகத் தொடங்கினார்கள், 1972இல் அரசே வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. பூமி அதிரவில்லை, திட்டம் அதிர்ந்தது. லயம் என்ற தோட்டத்து வரிசைவீட்டுக்கு மாற்றாகக் காணியும் வீடும் வரும் வருமென்று காத்திருப்பவர்கள் அந்த இடத்தில் பேச்சில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைக்தான் பேசிக்கொண்டிருந்தது.

இனி ஒலி. படத்தின் தொடக்கத்தில் அடித்தொண்டையில் ஓர் ஆண்குரல் தலைப்பையே திரும்பத் திரும்பப் பாடும். மண்டபத்தில் அது அநேகமாகக் கேட்கவேயில்லை. லெப்டொப்பின் ஹெட்ஃபோன் வாயிலிருந்து வந்த ஸ்டீரியோ வயரை ஒலி மிக்சரின் மைக் சனலில் சொருகியிருந்தீர்கள். அந்த மைக் சனல் இரண்டு கம்பிகளில் வருவதில் ஒன்றை மற்றதிலிருந்து கழித்து, மிஞ்சுவதை மட்டும் எடுக்கும். நீளமான மைக் வயரில் ஏறும் இரைச்சலைப் போக்கச் செய்த ஏற்பாடு அது. ஸ்டீரியோ வயரில் அந்த இரண்டு கம்பிகளும் இடமும் வலமும். இரண்டிலும் சமமாக இருக்கும் ஒலி, அதாவது நடுவில் நிற்கும் குரல், கழிபட்டுப் போய்விடும். ஓரத்து ஒலி மட்டும் தகர டப்பாவில் தட்டியதுபோல வரும். தீர்வு சின்னது: ஒரு முனையில் 3.5 மில்லிமீற்றர் ஸ்டீரியோ, மறுமுனையில் இரண்டு 6.35 மில்லிமீற்றர் மொனோ உள்ள வயர். இரண்டு லைன் சனல்களில் சொருகி, இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றினால் குரல் திரும்பி வந்துவிடும். திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஸ்பீக்கரைத் தயவுசெய்து தவிர்க்கவும், அடித்தொண்டைச் சுரம் அதில் ஏறாது. 15 அங்குலப் பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு மண்டபத்திலேயே இருக்கின்றன. சிறப்புரைக்கு அவைதான் வேலை செய்தன.

படம் அகலம் 1.85, உயரம் 1 என்ற கணக்கில் வெளியிடப்பட்டது. உங்கள் புரஜெக்டரில் அகலம் 4, உயரம் 3. “முழுத்திரை” என்று வைத்ததால், 3 மீற்றர் அகலத் திரையில் 1.62 மீற்றர் உயரம் இருக்கவேண்டிய படம் 2.25 மீற்றருக்கு நீண்டு, நியூயோர்க் சனமெல்லாம் மூங்கில்போல நின்றார்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருவது பிழையல்ல, அப்படியே விடுங்கள். மேற்குப் பக்க ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டாவிட்டால் இரவு நகரக் காட்சிகள் சாம்பலாகிவிடும்.

கடைசியாக உங்களில் ஒருவர் சொன்ன யோசனை: “அடுத்த முறை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் 57 நிமிடத்தில் முடிந்துவிடும்.” கணக்குச் சரி. ஆனால் இந்தப் படத்தின் உயிரே வேகத்தில் இருக்கிறது. ஐந்து விநாடிக்கு ஒரு பிரேம், அதாவது ஒரு நிலைப்படம், எடுத்து, விநாடிக்கு 24 பிரேமாக ஓட்டினால் ஒரு மணித்தியாலம் 30 விநாடிக்குள் அடங்கும். மேகமும் வாகன வெளிச்சமும் ஆறாகப் பாய்வது இந்த வழியில்தான். நேர்மாறாக, ஆட்கள் கெமராவையே பார்த்து நிற்கும் இடங்கள் மெதுவாக்கப்பட்டவை. அவற்றை வேகப்படுத்தினால் அந்த முகங்கள் சாதாரணமாக நடந்து போய்விடும். நேரத்தைச் சுருக்கத்தான் வேண்டுமென்றால் தலைமையுரையை அந்த முறையில் எடுத்துப் பார்க்கலாம்.

மலையகத்துக்கும் இந்த வித்தை புதிதல்ல. ஹோட்டல் விளம்பரங்களில் தேயிலை மலைக்கு மேல் மேகம் பாய்வதும், கொழுந்தெடுப்பவர்கள் பச்சைக்குள் புள்ளிகளாக ஊர்வதும் இதே நுட்பம்தான். கேள்வியை மட்டும் கழற்றி வைத்துவிட்டார்கள். சொசேஜ் இயந்திரத்தில் வரிசையாக வருவதையும் மின்படிக்கட்டில் ஆட்கள் வரிசையாக வருவதையும் ரெஜியோ பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு அதற்கு மைக் விளக்கம் தேவையா?

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, மன்னிக்கவும். நாங்கள் கேட்பது ஒன்றே: படத்தை மறுபடி போடுங்கள். 86 நிமிடமும் போடுங்கள். படம் ஓடும்போது யாரும் பேச வேண்டாம். ஞாயிறு பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கினால் பஸ்ஸுக்கு அவசரமில்லை. இறுதியில் வரும் சொற்பொருளையும் முன்னறிவிப்புகளையும் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு, படம் முடிந்து வெளியே போகும்போது கையில் கொடுத்தால் போதும். உள்ளே வரும்போது கொடுத்துவிடாதீர்கள்.

திகதியை மண்டப வாசல் பலகையில் ஒட்டிவிடுங்கள். வயரை நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
அன்று பின்வரிசையில் இருந்தவர்கள்