தண்ணிக் குழாய் எப்போ வரும்னு ஒரு தேதி எழுத்துல குடுங்க

எங்க டவுன்ஷிப்பைக் கட்டி வித்த நிறுவனத்தோட நிர்வாக இயக்குநர் ஐயா அவர்களுக்கும், சேல்ஸ் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கும் வணக்கம்.

பி பிளாக் ஆறாவது மாடியிலேருந்து எழுதறேன். பிரச்சனை என்னன்னு உங்களுக்குத் தெரியும், சொன்ன குழாய்த் தண்ணி இன்னும் வரல, லாரித் தண்ணிய நம்பித்தான் இருக்கோம். மூணு மீட்டிங்ல பேசியாச்சு, மெயிலும் போட்டாச்சு. ஆனா போன ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. காலைல ஒம்பது மணிக்கு "லாரி வரல, சாயங்காலம் நாலு வரைக்கும் தண்ணி கிடையாது"ன்னு குரூப்ல மெசேஜ் வந்துச்சு. அதே நேரம் கீழ வாசல்ல ஃபவுண்டன் ஓடிட்டிருந்துச்சு, மாடல் ஃபிளாட் பாக்க ஆளுங்க வந்திருந்தாங்கன்னு. எங்கம்மாவுக்கு 74 வயசு. பால்கனிலேருந்து அதைப் பாத்தாங்க, ஒரு வார்த்தை சொல்லல, உள்ள போய் குடத்துத் தண்ணிய சொம்புல மொண்டு மொண்டு பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சாங்க.

அந்தக் குடத்தைப் பத்தி சொல்லியே ஆகணும். 2021ல நாங்க வீடு தேடினப்போ கையில ரெண்டு சாய்ஸ் இருந்துச்சு. ஒண்ணு அண்ணா நகர்ல, நாங்க வாடகைக்கு இருந்த தெருவுலயே ஒரு பழைய ஃபிளாட், ரெண்டு பெட்ரூம், ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இன்னொண்ணு அதே காசுக்கு சென்னைக்குத் தெக்கால நாவலூர் தாண்டி உங்ககிட்ட மூணு பெட்ரூம், லிஃப்ட், வாக்கிங் டிராக், கிளப் ஹவுஸ். அம்மாவோட முட்டி வலிதான் முடிவு பண்ணுச்சு. தண்ணி எப்படின்னு நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கற நெம்மேலி பிளான்ட் நமக்குத் தெக்கால தான இருக்கு சார், ரெண்டு வருஷத்துல குழாய் வந்துரும்"னு உங்க ஆளு சொன்னாரு, பிரோஷர்லயும் அப்படித்தான் போட்டிருந்தீங்க. நம்பினோம். வீடு மாறும்போது, இனிமே இதுங்களுக்கு வேலை இல்லன்னு அம்மா பழைய பிளாஸ்டிக் குடம் எல்லாத்தையும் தெருவுல ஒருத்தங்களுக்குக் குடுத்துட்டு வந்தாங்க. இங்க வந்த நாலாவது மாசம் கேளம்பாக்கத்துல போய் ஆறு குடம் வாங்கினோம். இப்போ விடியக்காலைல நாலரைக்கு எழுந்து ரொப்பி வைக்கறாங்க, ஏழு மணி ஆச்சுன்னா பிரஷர் போயிடுதே.

நெம்மேலியில 2013லேருந்து ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர், 2024ல திறந்த ரெண்டாவது ஆலையில இன்னும் 15 கோடி லிட்டர் கடல் தண்ணிய குடிதண்ணி ஆக்கறாங்க. அது சென்னைக்குப் போற தண்ணி. மாநகராட்சி எல்லை செம்மஞ்சேரியோட முடியுது, நாம இருக்கறது செங்கல்பட்டு மாவட்டத்துல ஒரு ஊராட்சி. இது வீடு விக்கும்போதே உங்களுக்குத் தெரியாதா? பிளான் அப்ரூவலுக்கு அலைஞ்ச உங்களுக்கு எல்லை எங்க முடியுதுன்னு தெரியாமலா இருக்கும்?

அண்ணா நகரும் ஒரு காலத்துல புதுசா பிளான் போட்டு உண்டாக்கின ஊருதான், 1968ல உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடம், அதுக்குக் கட்டின டவர் இன்னும் பார்க்குல நிக்குது. வீட்டு வசதி வாரியம் அகலமா ரோடு, பார்க்னு இடம் ஒதுக்கித்தான் மனை பிரிச்சாங்க, அதனாலதான் இத்தன வருஷம் கழிச்சும் அங்க வீட்டுக்கு அந்த விலை. அங்க தண்ணிக் கஷ்டமே இல்லன்னு நான் சொல்ல வரல. 2019ல பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வத்தினப்போ நாங்களும் அங்க லாரிக்குப் பின்னாடி ஓடினோம். ஆனா அது ஊருக்கே வந்த பஞ்சம். இங்க கார் பார்க்கிங்ல மழைத்தண்ணி கணுக்கால் அளவு நிக்கற நாள்லயும் லாரியத்தான் எதிர்பாத்து உக்காந்திருக்கோம். போர் தண்ணி உப்பு, வாய்ல வைக்க முடியல. லாரித் தண்ணிக்கான காசு எங்க மெயின்டனன்ஸ்ல ஏறுது, கையெழுத்துப் போட்டப்போ மாசம் 4,200, இப்போ 7,600. பென்ஷன்ல இருக்கறவங்க எத்தன பேர் இருக்காங்கன்னு உங்க லிஸ்ட்டையே பாருங்க. அசோசியேஷன் கையில கணக்கையும் இன்னும் குடுக்கல, அதைக் கேட்டா "அடுத்த மாசம்".

விளம்பரத்துல இருந்த பொய்யை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவனுக்கு நஷ்டஈடு உண்டுன்னு வீடு கட்டி விக்கறவங்களுக்கான 2016 ரெரா சட்டம் 12ஆவது பிரிவு சொல்லுது. அந்த வழிக்குப் போகணும்னு எனக்கு ஆசையில்ல ஐயா, பேசித் தீர்க்கலாம்னுதான் இதை எழுதறேன்.

கேக்கறது இதுதான். குழாய்த் தண்ணி எந்தத் தேதிக்குள்ள வரும்னு உங்க லெட்டர்ஹெட்ல கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது வர்ற வரைக்கும் லாரிச் செலவை நீங்க ஏத்துக்கோங்க. தேதி குடுக்க முடியாதுன்னா அதையும் எழுத்துல சொல்லிடுங்க, அடுத்த ஃபேஸுக்கு அட்வான்ஸ் கட்ட வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க, அவங்களும் எங்கள மாதிரி வயசான அம்மா அப்பாவுக்கு லிஃப்ட் இருக்கேன்னுதான் வர்றாங்க.

தயவுசெஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை மீட்டிங்குக்கு அந்த லெட்டரோட நீங்களே நேர்ல வாங்க. மேனேஜரை அனுப்பாதீங்க. தண்ணி இல்லாத நேரமாப் பாத்து வந்தீங்கன்னா இன்னும் நல்லது.

நன்றியுடன்,
பி பிளாக், ஆறாவது மாடி