ரத்தத்தில் புழு இல்லை, கால் மட்டும் வீங்கியே இருக்கிறது

தமிழக மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

யானைக்கால் நோய்க்கு எதிராகத் தமிழகத்துச் சுகாதாரப் பணியாளர்கள் செய்த வேலை சாதாரணமானதல்ல. ஊர் அடங்கிய பிறகு வீடு வீடாகப் போய் விரல் நுனியில் ரத்தம் எடுத்தார்கள். புழுவுக்கு எதிரான டி.இ.சி. மாத்திரையையும் அல்பெண்டசோலையும் கையில் கொடுத்துவிட்டு நகராமல், கண்முன்னே விழுங்க வைத்தார்கள். இன்று பல மாவட்டங்களில் அந்த மாத்திரை விநியோகமே தேவைப்படவில்லை. இந்த மடல் அந்த மாத்திரையால் சரியாகாத ஒன்றைப் பற்றியது. ஏற்கெனவே வீங்கிவிட்ட கால்தான் அது.

யானைக்கால் புழு நிணநீர்க் குழாய்களுக்குள் 6 முதல் 8 ஆண்டுகள் உயிரோடு இருக்கும். அது இருக்கும் இடத்தில் குழாய் விரிந்து தளர்ந்துவிடும். காலிலிருந்து மேலே போகவேண்டிய நீர் அங்கேயே தேங்கும். புழு செத்த பிறகும் குழாய் பழையபடி ஆவதில்லை. அதனால்தான் கால் வீங்கிய பலருக்கு இரவு ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரிவதில்லை. "ரத்தத்தில் பூச்சி இல்லை, பயப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்புகிறோம். சொல்வது உண்மைதான். ஆனால் அந்தக் காலை மேலும் மேலும் பெரிதாக்குவது இப்போது புழு அல்ல, தோல் வழியாக உள்ளே போகும் பாக்டீரியா. இது நோயாளிக்கும் தெரிவதில்லை, நம் பணியாளர்களிலும் பலருக்குத் தெரிவதில்லை.

கால்விரல் இடுக்கு ஈரமாகவே இருந்தால் சேற்றுப்புண் வரும், தோல் வெடிக்கும். நிணநீர் தேங்கிய காலில் கிருமியை எதிர்க்கும் சக்தி குறைவு. அந்த வெடிப்பு வழியாகக் கிருமி புகுந்த சில மணி நேரத்தில் குளிர்நடுக்கம், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுதல் எல்லாம் வரும். கால் சிவந்து சூடேறித் தொடவே முடியாதபடி வலிக்கும். நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கும். ஆனால் மிச்சமிருந்த நல்ல குழாய்களில் சிலவும் கெட்டிருக்கும், வீக்கம் முன்பிருந்த அளவுக்கு இறங்காது. இப்படி ஒவ்வொரு காய்ச்சலும் காலில் ஒரு சுற்றைக் கூட்டிவிட்டுப் போகிறது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வாரச் சம்பளமும் போகிறது.

இதைத் தடுக்கும் வழி மலிவானது: தினமும் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவுவது. ஆனால் "காலைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாயால் சொல்வது கற்றுத்தருவது ஆகாது. நோயாளியை உட்காரவைத்து, ஒருமுறை நாம் கழுவிக் காட்டி, மறுமுறை அவரையே கழுவச் சொல்லிப் பார்க்க வேண்டும். தண்ணீர் சூடாக இருக்கக்கூடாது, சாதாரணத் தண்ணீரே போதும். குளத்துத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டது. வாசனை அதிகமில்லாத சாதா சோப்பைக் கையில் நுரைத்து முழங்காலில் தொடங்கிக் கீழே வரவேண்டும். பிரஷ், தேங்காய் நார், பீர்க்கங்கூடு எதுவும் ஆகாது. தேய்த்தால் தோல் கிழியும், கிழிந்த இடம்தான் கிருமிக்கு வாசல். மடிப்புகளுக்குள்ளும் விரல் இடுக்கிலும் மெல்லிய துணியை விட்டுத் துடைக்க வேண்டும். ஊற்றும் தண்ணீர் தெளிவாக வழியும்வரை அலச வேண்டும்.

தவறு பெரும்பாலும் இதற்குப் பிறகுதான் நடக்கிறது. கழுவியதோடு எழுந்து போய்விடுகிறார்கள். ஈரத்தோடு விட்ட விரல் இடுக்கு, கழுவாத காலை விட மோசம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, துண்டு நுழையாத இடுக்கில் பஞ்சையோ பழைய பருத்தித் துணி நறுக்கையோ விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். அதன்பின் ஒவ்வோர் இடுக்கையும் விரித்துப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாதவருக்கு வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும். வெள்ளையாக ஊறியிருந்தாலோ வெடித்திருந்தாலோ குளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்பை நாளுக்கு 2 வேளை, புண் ஆறும்வரை போட வேண்டும்.

உட்காரும்போது காலைத் தொங்கவிடாமல் ஸ்டூலில் நீட்டி வைப்பது, கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவது, கணுக்காலைச் சுழற்றுவது, நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது ஆகியவையும் பலன் தரும். இதயக் கோளாறு உள்ளவர்களுக்குக் கால்மாட்டை உயர்த்தச் சொல்லாதீர்கள். செருப்பு இறுக்காமல் அகலமாக, ஒட்டுப்பட்டையோடு இருக்க வேண்டும். தொழுநோய்ப் பிரிவில் தரும் எம்.சி.ஆர். (மென்மையான நுண்துளை ரப்பர்) செருப்பு இவர்களுக்கும் நன்றாகப் பொருந்தும்.

காய்ச்சல் வந்த நாளில் உடற்பயிற்சியும் வீக்கத்துக்குக் கட்டுப்போடுவதும் நிற்க வேண்டும். படுக்கவைத்துக் காலை உயர்த்தி, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, நிறையத் தண்ணீர் கொடுங்கள். பாராசிட்டமாலோடு அமாக்சிசிலின் 500 மி.கி. நாளுக்கு 3 வேளை, குறைந்தது 8 நாள் தரவேண்டும். பென்சிலின் ஒவ்வாதவருக்கு எரித்ரோமைசின். 3 நாள் மாத்திரையோடு அனுப்பினால் காய்ச்சல் இறங்கும், கிருமி முழுதாகச் சாகாது. அந்த நேரத்தில் டி.இ.சி. கொடுக்கக்கூடாது, அது இந்தக் காய்ச்சலுக்கான மருந்தே அல்ல. வெந்நீர் ஒத்தடம், பச்சிலைப் பற்று, கொப்புளத்தைக் குத்துவது இவற்றையெல்லாம் வீட்டார் நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஏன் கூடாது என்று காரணத்தோடு சொன்னால் கேட்கிறார்கள். குழப்பமாகப் பேசினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, மருந்து தொடங்கி ஒரு நாளாகியும் காய்ச்சல் குறையத் தொடங்காவிட்டாலோ உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

அடுத்து, எங்களை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறோம். கால் மிகவும் பெருத்துப்போன நான்காம் நிலைக்குப் போனவர்களுக்கு அரசு மாத உதவித்தொகை தருகிறது. அது அவசியமானது, அதில் கைவைக்கவே கூடாது. ஆனால் மாலையில் வீங்கிக் காலையில் வடிந்துவிடும் முதல் நிலைக்காரர் நம் எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக ஏறுவதில்லை. சோப்பும் தண்ணீரும் அதிகம் சாதிப்பது அவர் காலில்தான். அதை விட்டுவிட்டு, கால் பழைய நிலைக்குத் திரும்ப முடியாத அளவுக்குப் போன பிறகுதான் அவரை நாம் கணக்கில் எடுக்கிறோம்.

பராமரிப்புப் பெட்டி கொடுக்கிறோம்: பேசின், குவளை, துண்டு, சோப்பு, களிம்பு. பேசின் சில வருடம் வரும். தினமும் கழுவுகிறவருக்கு ஒரு சோப்புக்கட்டி சில வாரங்களிலேயே கரைந்துவிடும், 15 கிராம் களிம்பும் அப்படித்தான். பெட்டி கொடுத்த அன்று எடுத்த படத்தோடு வேலை முடிந்துவிட்டால் அடுத்த மாதமே பேசின் மாவு பிசையப் போய்விடுகிறது.

புதிய திட்டம் எதுவும் கேட்கவில்லை. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலில் கொடுக்கிறார்கள், அதே திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார். அந்தப் பையில் இந்த நோயாளிகளுக்கு மாதாமாதம் சோப்பும் களிம்பும் சேரட்டும். போகும்போது விரல் இடுக்கை விரித்துப் பார்த்து, கடந்த மாதம் எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். பராமரிப்பு சரியாக நடக்கிறதா என்பதை அந்த ஓர் எண்ணே காட்டிவிடும். காலின் சுற்றளவை அளப்பதானால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், காலை வேளையிலேயே அளக்க வேண்டும். மாலையில் அளந்தால் கணக்கு தப்பும்.

இதே நோயால் விரைவீக்கம் (விதைப்பையில் நீர் கோத்து வீங்குவது) உள்ள ஆண்களையும் இதே பதிவேட்டில் சேருங்கள். காலுக்கு இல்லாத வசதி அதற்கு உண்டு, அறுவை சிகிச்சையில் சரியாகும். பலரும் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. ஆண் பணியாளர் தனியாகக் கேட்டால் சொல்வார்கள்.

2027க்குள் இந்த நோயை ஒழிப்பதாக இந்தியா இலக்கு வைத்திருக்கிறது. இலங்கை 2016இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தைப் பெற்றது. அந்த அங்கீகாரத்துக்கு நோய்ப்பரவல் குறைந்தது மட்டும் போதாது, ஏற்கெனவே கால் வீங்கியவர்களுக்கு எங்கே, என்ன பராமரிப்பு கிடைக்கிறது என்பதையும் எழுத்தில் காட்ட வேண்டும். உங்கள் மாவட்டத்தில் எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில், வாரத்தில் எந்தக் கிழமை, யார் கால் கழுவக் கற்றுத்தருகிறார்கள் என்ற பட்டியலை எழுதி, நிலையத்தின் வாசலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
யானைக்கால் நோயாளிகளுக்குக் கால் பராமரிப்புக் கற்றுத்தரும் பணியாளர்கள்