அந்த முப்பது சேரையும் திருப்பிப் போடுங்க அய்யா

முதலாளி அய்யாவுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை காலையில எங்களுக்காக நீங்க வச்ச மெடிக்கல் கேம்ப்புக்கு முதல்ல நன்றி. எங்க சுடிதார் செக்‌ஷன்லயே ரெண்டு பேருக்கு பிபி இருக்குறது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது, அதை நான் மறக்கல.

என் காலைப் பாத்த டாக்டரம்மா எத்தனை வருஷமா நின்னுக்கிட்டு வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்க. ஒன்பது வருஷம்னேன். முட்டிக்குக் கீழ நரம்பு பச்சையா முடிச்சு முடிச்சா சுருட்டிக்கிட்டு இருக்கு, வெரிகோஸ் வெயினாம். ஒரே இடத்துல நின்னுக்கிட்டே இருந்தா ரத்தம் மேல ஏற முடியாம கால்லயே தேங்கிருமாம், அதனால அப்பப்ப உக்காந்து காலைத் தூக்கி வைக்கணும்னு சீட்டுல எழுதியே குடுத்தாங்க.

கேம்ப்புக்காக ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல முப்பது சேர் போட்டிருந்தீங்க. பத்து மணிக்கு ஷட்டர் ஏறுறதுக்குள்ள அத்தனையையும் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, குடோனுக்குக் கொண்டு போயிட்டாங்க. நான் அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு நைட்டு ஒன்பதரை வரைக்கும் நின்னேன். சூப்பர்வைசர் அண்ணன்கிட்ட காட்டுனா, ஆளாளுக்கு இப்படிச் சீட்டு கொண்டு வந்தா கஸ்டமரை யாரு பாக்குறதுங்குறாரு.

கஸ்டமர் இருக்கும்போது நாங்க உக்காரணும்னு கேக்கல அய்யா. மத்தியானம் ரெண்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்கும் செக்‌ஷன்ல ஆளே இருக்காது, அப்பவும் நிக்கணும், ரேக்ல கொஞ்சம் சாஞ்சா கேமராவுல பாத்துட்டு மைக்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க. சாப்பாட்டுக்கு விடுற இருபது நிமிஷம்தான் எங்களுக்கு உக்கார்ற நேரம், அதுவும் படிக்கட்டுல. என் பக்கத்துல நிக்கிற பொண்ணுக்கு பத்தொன்பது வயசு, தென்காசிப் பக்கம், பீரியட்ஸ் நாள்ல நிக்க முடியாம பாத்ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்துட்டு வருது. அதுக்கும் வெளியில நின்னு எத்தனை நிமிஷம்னு கணக்கு பாக்குறாங்க. அந்த வாளியை நெனச்சா எனக்கு மனசு ஆற மாட்டேங்குது. அந்தப் புள்ள காலும் என் கால் மாதிரி ஆகணுமா?

இது நாங்களா கேக்குற சலுகை இல்ல. 1947-ம் வருஷத்து கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 2021-ல 22-ஏன்னு ஒரு பிரிவு சேத்து, எல்லா ஊழியருக்கும் உக்கார வசதி இருக்கணும்னு தமிழ்நாடு சட்டசபையிலயே நிறைவேத்திட்டாங்க. கேரளாவுல 2018-லயே வந்துருச்சு. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுக் கடைங்கள்ல நம்மள மாதிரி வேலை பாத்த பொம்பளைங்க வருஷக்கணக்கா போராடி அதை வாங்குனாங்க. இங்கயும் சட்டம் இருக்கு, சேர்தான் இல்ல.

ஒரு நாள் லீவு போட்டா ரெண்டு நாள் சம்பளம் பிடிக்கிறது, ஹாஸ்டல்ல தண்ணி வராதது, பன்னெண்டு மணி நேர வேலை, எட்டு மணி நேரச் சம்பளம்னு சொல்ல ஆரம்பிச்சா நிக்காது, கோவம் வந்துரும், அதையெல்லாம் இன்னொரு நாள் உங்ககிட்ட நேர்ல சொல்றோம். இப்போ கேக்குறது ஒண்ணே ஒண்ணு. ஆடித் தள்ளுபடி தொடங்குறதுக்குள்ள செக்‌ஷனுக்கு நாலு சேராவது போட்டு, கஸ்டமர் இல்லாதப்போ உக்காரலாம், யாரும் திட்டக்கூடாதுன்னு சூப்பர்வைசருங்ககிட்ட உங்க வாயால சொல்லுங்க. தயவு செஞ்சு சொல்லுங்க அய்யா.

புதுசா எதுவும் வாங்க வேண்டாம். அந்த முப்பது சேரும் குடோன்லதான் கெடக்கு, கயித்தை அவுக்கச் சொன்னாப் போதும்.

இப்படிக்கு,
சுடிதார் செக்‌ஷன்ல நிக்கிற உங்க ஊழியர்
(வேலை போயிருமோன்னு பயந்து பேரு போடல, மன்னிச்சுக்கங்க)